ஒப்பமிடாத படிவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போரைப் பேசும் சிங்களத் திரைப்படங்கள் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரை, பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’வைப் ‘போர் எதிர்ப்புப் படம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துவிட்டது. வன்னியில் நீண்டகாலம் கிராம அலுவலராக இருந்தவன் என்ற முறையில், அந்தச் சொல்லுக்குள் அடங்காத ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன்.

1997 இல் உருவான அந்தப் படத்தின் மையத்தில் இருப்பது போர்க்களமல்ல, ஒரு நட்டஈட்டுப் படிவம். இராணுவத்தில் சேர்ந்த மகனின் உடல் என்று முத்திரையிட்ட பெட்டியொன்று வறண்ட கிராமத்து வீட்டுக்கு வருகிறது. பார்வையற்ற தந்தை வன்னிஹாமி, மகன் இறந்ததாக ஏற்கவுமில்லை, படிவத்தில் ஒப்பமிடவுமில்லை. பாதியில் நிற்கும் வீடும் மணமாகவேண்டிய மகளும் அந்தப் பணத்தை எதிர்பார்த்திருக்க, ஊரே அவரை நெருக்குகிறது. கடைசியில் அவர் மண்வெட்டியோடு புதைகுழிக்குப் போகிறார். திறந்த பெட்டியில் மகன் இல்லை. வன்னிஹாமியாக நடித்த ஜோ அபேவிக்கிரம இதில் அதிகம் பேசுவதில்லை. படிவம் நீட்டப்படும்போது அவருடைய கைகள் அசையாமல் இருப்பதே போதுமாக இருக்கிறது.

அந்தக் கைகளை நான் நேரில் கண்டிருக்கிறேன். போர் முடிந்த பின்னர், காணாமற்போன மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுப்பதற்கான விண்ணப்பத்தை ஒரு தாயிடம் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கிக் குப்புறக் கவிழ்த்துத் திண்ணையில் வைத்து, காற்றில் பறக்காதபடி தண்ணீர்ச் செம்பை அதன்மேல் வைத்துவிட்டு, எனக்குத் தேநீர் ஊற்ற உள்ளே போனார். மேலிடத்துக்குப் பதில் எழுதவேண்டுமே என்ற கவலைதான் அன்று எனக்கு. எத்தனை வீடுகளுக்கு அப்படிப் போனேன் என்று எண்ணிப் பார்க்க இப்போது கூச்சமாக இருக்கிறது.

இரண்டு நிலைமைகளும் ஒன்றல்ல என்பதை மறைப்பதற்கில்லை. வன்னிஹாமிக்கு அரசு ஒரு பெட்டியையாவது கொடுத்தது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017 பெப்ரவரி முதல் காணாமற்போன பிள்ளைகளுக்காகத் தெருவோரப் பந்தல்களில் போராடிய தாய்மாருக்கு அதுவும் இல்லை. படத்தில் தமிழர் எவரும் இல்லையே என்று குறைகூறுவோரும் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அது தன் கிராமத்தை விட்டு வெளியே போய் நம்மைப் பற்றிப் பேச முயன்றிருந்தால் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

படம் தடுக்கப்பட்ட வரலாற்றையும் கட்டுரை விட்டுவிட்டது. ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்த 2000 ஆம் ஆண்டில், போர்ச் சூழலைக் காரணம் காட்டி அரசு அதன் வெளியீட்டை நிறுத்தியது. இயக்குநர் உயர் நீதிமன்றம் சென்று, 2001 இல் தமக்குச் சார்பான தீர்ப்பைப் பெற்ற பின்னரே படம் திரைக்கு வந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று கேட்கும் ஒரு கிழவரைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்பது சிறிய செய்தியல்ல.

நான் பார்த்த பிரதியில் ஆங்கில வசன எழுத்துகள் மட்டுமே இருந்ததால், அருகிலிருந்த மனைவிக்கு நானே வசனங்களைச் சொல்லிவந்தேன். பெட்டி திறக்கும் இடத்தில் மட்டும் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். தமிழ் வசன எழுத்துகளோடு இப்படத்தை வடக்கில் திரையிட யாரேனும் முன்வரும்படி தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம அலுவலர்,
வவுனியா.