செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: கூடம் போகும்போது என்ன செய்வது?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வழக்கமாகப் பொங்கல், சித்திரைத் திருநாள், கோடைச் சுற்றுலா, தமிழ் வகுப்பு என்று வரிசையாக எழுதி முடித்துவிடுவேன். இந்த வருடமும் எல்லாம் நடந்தது, நன்றாகவே நடந்தது. வரவுசெலவைப் பொருளாளர் கூட்டத்தில் வாசிப்பார். ஆனால் ஜூன் மாதம் வந்த அந்தக் கடிதத்துக்குப் பிறகு செயற்குழுவில் நாங்கள் வேறு எதையும் பேசவில்லை என்பதே உண்மை, அதனால் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

சனிக்கிழமைதோறும் நாம் வகுப்பு நடத்தும் கூடத்தை அதன் உரிமையாளர் விற்கப்போகிறாராம், அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறதாம். நம் பிள்ளைகள் அகரம் எழுதிப் பழகிய இடம். பக்கத்துத் தெரு முதியவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் கூடுவதும் அங்கேதான். எல்லோரும் முதலில் சொன்னது "வேற ஹால் பார்ப்போம்" என்பதுதான், நானும் அப்படித்தான் நினைத்தேன். "நாம பிழைக்க வந்தவங்க, இந்த ஊர் விஷயத்துல தலையிட நமக்கு என்ன இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி என்னை விடவேயில்லை. வகுப்புக்கு விடுமுறை விட்டிருந்த ஆகஸ்டில் நம் லிவர்பூலின் கிரான்பி பகுதிக்கு ஒரு நடைப்பயணம் போனது அதனால்தான். 17 பேர் வந்தோம், பாதிக்கு மேல் பிள்ளைகள்.

லிவர்பூல் காலியான கதை தெரியாமல் கிரான்பியைப் புரிந்துகொள்ள முடியாது. 1931-இல் எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நகரம், 2001-இல் நாலரை லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. துறைமுக வேலை போனது, பின்னாலேயே ஆட்களும் போனார்கள். 1981-இல் கிரான்பி இருக்கும் டாக்ஸ்டெத் பகுதியில் கலவரம் நடந்த பிறகு கிரான்பி தெருக்களைக் கேட்பார் இல்லை. வீடு ஒவ்வொன்றாகக் காலியாகும், கதவுக்கும் ஜன்னலுக்கும் பலகை அடிப்பார்கள், இடிக்கும் நாள் வரும் வரைக்கும் அது அப்படியே கிடக்கும். அப்புறம் 2002-இல் 'பாத்ஃபைண்டர்' திட்டம் வந்தது. வடக்கிலும் மத்திய இங்கிலாந்திலும் ஒன்பது பகுதிகள். விலை போகாத பழைய வரிசை வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டினால் சந்தை எழுந்துவிடும் என்பது கணக்கு. 2011-இல் அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியபோது பல தெருக்களில் ஆட்களை அனுப்பி முடித்திருந்தார்கள், புது வீடுதான் வரவில்லை. ஒரு தெருவைக் காலி செய்துவிட்டு, பிறகு அதையே காட்டி "இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

கிரான்பியின் கெய்ர்ன்ஸ் தெருவில் மிச்சமிருந்தவர்கள் போகவில்லை. தெருவைத் தாங்களே பெருக்கினார்கள், பலகை அடித்த ஜன்னல்களுக்கு வண்ணம் தீட்டினார்கள், நடைபாதை நெடுகத் தொட்டி வைத்துச் செடி வளர்த்தார்கள், மாதம் ஒரு சந்தை போட்டார்கள். பிறகு 2011-இல் ஊர் மக்களே சேர்ந்து வீடு, நிலம் வைத்திருக்கும் சமூக நில அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி, 10 வீடுகளைக் கையில் எடுத்துப் புதுப்பித்தார்கள். அவர்களோடு வேலை செய்த 'அசெம்பிள்' என்ற கட்டட வடிவமைப்புக் குழுவுக்கு 2015-இல் டர்னர் பரிசு கிடைத்தது, ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் போகும் பரிசு வீடு புதுப்பித்ததற்கு வந்தது என்று நாடே பேசியது. பாழடைந்த இரண்டு வீடுகளை ஒன்றாக்கிக் கண்ணாடிக் கூரை போட்ட 'விண்டர் கார்டன்' 2019-இல் திறந்தது. பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. எனக்குத் தொட்டிச் செடிகள்தான். பரிசு வருவதற்குப் பல வருடம் முன்னால், யாரும் பார்க்காதபோது வைத்த செடிகள் அவை.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வெல்ஷ் தெருக்கள். மேட்ரின் தெரு 9-ஆம் எண் வீட்டில்தான் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரிங்கோ ஸ்டார் பிறந்தார். அந்தத் தெருக்களில் பெரும்பகுதியை இடிக்கும் திட்டத்தை 2015 ஜனவரியில் மத்திய அரசின் அமைச்சர் எரிக் பிக்கில்ஸ் நிராகரித்தார். இன்று பழைய முகப்பு அப்படியே இருக்க, உள்ளே புதுப்பித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வீடு தப்பியது, சரி. ஆனால் முன்னால் அங்கே இருந்த குடும்பங்களில் பலர் எப்போதோ வேறு இடம் போய்விட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மாற்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவர்ட்டன் கால்பந்து அணி 1892 முதல் ஆடிய குடிசன் பார்க்கை விட்டு, இந்த ஆண்டு பிராம்லி மூர் துறையில் புது மைதானத்துக்குப் போனபோது நம் வீட்டுப் பையன்கள் அழுதார்கள், அடுத்த மாதமே புது மைதானத்துக்கு டிக்கெட் கேட்டார்கள். நல்லவேளையாகப் பழைய மைதானத்தை இடிக்காமல் பெண்கள் அணிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி நம் கூடம். 2011-ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி, ஓர் இடத்தைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பட்டியலிடக் கவுன்சிலிடம் கேட்கலாம். நம்மைப் போலப் பதிவு செய்யாத சங்கமும் கேட்கலாம், உள்ளூர் வாக்காளர் பட்டியலில் இருக்கும் 21 பேர் உறுப்பினராக இருந்தால் போதும். பட்டியலில் ஏறிவிட்டால், உரிமையாளர் விற்க நினைக்கும்போது முதல் ஆறு வாரத்துக்குள் முறையாகப் பதிவு செய்த ஓர் உள்ளூர் சமூக அமைப்பு வாங்க விருப்பம் தெரிவிக்கலாம் (பட்டியலிடக் கேட்க முடிந்தாலும், பதிவு செய்யாத சங்கமாக இதை நாம் செய்ய முடியாது), தெரிவித்தால் மொத்தம் ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும். அந்த அமைப்புக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்குக் கிடையாது. அவகாசம் மட்டும்தான், ஆனாலும் அது சின்ன விஷயம் இல்லை.

இங்கேதான் ஒரு சங்கடம். எண்ணிப் பார்த்ததில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் 13 பேர்தான் தேறினார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்த பிறகுதான் பதிய முடியும் என்று பலர் நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள், இங்கே முறையான விசாவில் வசிக்கும் அந்நாட்டுக் குடிமக்கள் இப்போதே பதியலாம், ஓட்டும் போடலாம். பிழைக்க வந்தவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்ட அந்த உறுப்பினரே மறுவாரம் பதிந்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தார், அவரோடு 14 பேர்.

கட்டட அனுமதி விண்ணப்பம் வந்தால் கருத்துச் சொல்ல வழக்கமாக 21 நாள் தருவார்கள். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதிப் பயனில்லை, வீட்டு விலை குறையும் என்பதையும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். வெளிச்சம், போக்குவரத்து, ஊர்ப் பொதுக்கூடம் ஒன்று இல்லாமல் போவது, இவற்றைப் பற்றி எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை முதியவர்களும் நம்மோடு சேர்ந்து எழுதச் சம்மதித்திருக்கிறார்கள், வகுப்பு முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து ஒரு வரைவு தயார் செய்தோம்.

பொதுக்கூட்டத்தில் செயற்குழு வைக்கும் தீர்மானம் ஒன்றே ஒன்று: கூடத்தைப் பட்டியலிடச் சங்கத்தின் பெயரில் விண்ணப்பிப்பது. இன்னும் ஏழு பேர் வேண்டும். பதிவதற்குத் தேசிய காப்பீட்டு எண் கேட்பார்கள், அதைக் கையோடு கொண்டுவாருங்கள், என் லேப்டாப்பிலேயே அங்கேயே பதிந்துவிடலாம்.