மாட்டுக்கு என்ன ஊசி போடுகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்: மதுரை ஆட்சியருக்கு ஒரு மனு

அனுப்புநர்: உசிலம்பட்டி, செல்லம்பட்டி வட்டாரங்களில் கறவை மாடும் ஆடும் வளர்க்கிறவர்கள் (கையெழுத்துகள் தனித்தாளில்)

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மதுரை மாவட்டம்

நகல்: மண்டல இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை, நியமன அலுவலர், உணவுப் பாதுகாப்புத் துறை

பொருள்: கால்நடைத் தடுப்பூசி பற்றிப் பரவும் எம்ஆர்என்ஏ பயம், முகாமில் ஊசி விவரம் எழுத்தில் தருவது, பால் பரிசோதனை முடிவு சொல்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். மாட்டுக்கு எம்ஆர்என்ஏ (எந்தப் புரதத்தைச் செய்யவேண்டும் என்று உயிரணுவுக்குச் சொல்லும் பொருள்) ஊசி போடுகிறார்களாம், அந்தப் பாலைக் குடித்தால் பிள்ளைகளுக்கு மரபணு மாறிவிடுமாம், ஆட்டுக்கறி தின்றால் வாரிசு நிற்காதாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டே இருக்கிறது. யார் பேசியது, எந்த ஊர் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் கோமாரி முகாம் என்று தண்டோரா போட்டதும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறவர்கள் எங்கள் ஊர்களில் கூடிவிட்டார்கள். டவுனில் வாடிக்கையாகப் பால் வாங்கும் வீட்டில் "உங்க மாட்டுக்கு ஊசி போட்டாச்சா, அப்போ ஒரு வாரம் வேண்டாம்" என்கிறார்கள். இதனால் பால்காரருக்குத்தான் நட்டம்.

நாங்கள் ஊசி வேண்டாம் என்று வரவில்லை. 2013-ல் தென் மாநிலங்களில் கோமாரி அடித்த அடி பெரியவர்கள் யாருக்கும் மறந்திருக்காது. வாயிலும் குளம்பிலும் புண்ணோடு தீவனம் எடுக்காமல் எச்சில் ஒழுக நிற்கும் மாட்டைப் பார்த்தவன் ஊசியைக் குறை சொல்லமாட்டான்.

விசாரித்துப் படித்து நாங்கள் தெரிந்துகொண்டது இது. 2019 முதல் ஒன்றிய அரசுச் செலவில் நடக்கும் தேசிய கால்நடை நோய் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் கோமாரி ஊசி, கொல்லப்பட்ட வைரஸை வைத்துச் செய்வது. அந்த வைரஸின் ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வகைக்கும் சேர்த்தது. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்குப் போடும் கருச்சிதைவு நோய் ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. ஆடுகளுக்கு வரும் ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசியும், தோல் கழலை நோய்க்காக மாட்டுக்குப் போட்ட ஆட்டம்மை ஊசியும் வீரியம் குறைத்த வைரஸ்தான். இதில் எதுவுமே எம்ஆர்என்ஏ கிடையாது. இன்னொன்று, மாட்டை விடுங்கள், கொரோனாவுக்கு நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும்கூட எம்ஆர்என்ஏ வகை இல்லை. இந்தப் பயம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. அங்கே பன்றிகளுக்கு செக்விவிட்டி என்ற ஆர்என்ஏ தடுப்பூசி உண்மையிலேயே விற்பனையில் இருக்கிறது. 2023-ல் மிசௌரி மாநில சட்டமன்றத்தில் இந்த மாதிரிப் பொருட்களுக்கு லேபிள் ஒட்டவேண்டும் என்று மசோதாகூட வந்தது. அங்கே நடந்த சண்டையை எவரோ தமிழில் பேசி எங்கள் தொழுவத்தில் இறக்கிவிட்டார். சரி, அப்படிப்பட்ட ஊசி போட்ட மாட்டின் கறியைத் தின்றாலும் என்ன ஆகும்? எம்ஆர்என்ஏ என்பது கீரையிலும் முட்டையிலும் மீனிலும் எல்லா உயிரணுவிலும் இருப்பதுதான், தினமும் தின்கிறோம், வயிற்றில் செரித்துப்போகிறது.

இவ்வளவு தெரிந்தும் ஊருக்குள் எங்களால் வாதாட முடியவில்லை, ஏன் என்றால் எங்கள் கையில் ஒரு துண்டுச்சீட்டு இல்லை. ஊசி போட்ட மறுநாள் சில மாடுகளுக்குப் பால் குறையும், போட்ட இடம் வீங்கும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாததால், அரை லிட்டர் குறைந்ததும் "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று குரல் பதிவுக்காரர் ஜெயித்துவிடுகிறார். ஒரு முகாமில் இது என்ன மருந்து என்று கேட்ட பெண்ணுக்கு "போட்டா போடுங்க, இல்லேன்னா மாட்டப் பிடிச்சுட்டுப் போங்கம்மா" என்று பதில் வந்தது. அவர் பிடித்துக்கொண்டு போயே விட்டார், கூடவே நாலைந்து பேர். (ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்கள் கதை தனி. அலங்காநல்லூர், பாலமேடு வாடிக்குப் போகிற காளை ஊசி போட்டால் மந்தமாகிவிடும் என்று மார்கழி முழுக்க யாரையும் கிட்டவே விடமாட்டார்கள். அவர்களுக்கு முகாம் தேதியையே மாற்றிப் பார்க்கலாம்.)

அதனால் கேட்கிறோம். ஊசி போட்டதும் காதுவில்லையின் 12 இலக்க எண்ணோடு எப்படியும் செயலியில் பதிகிறீர்கள். அதே விவரத்தை ஒரு சீட்டில் தமிழில் எழுதி எங்களுக்கும் கொடுங்கள்: ஊசியின் பெயர், கொன்ற கிருமியா வீரியம் குறைத்ததா, தயாரிப்பு எண், காலாவதி தேதி, என்ன பக்கவிளைவு வரலாம், பால் கறந்து ஊற்றலாமா, கறிக்கு எத்தனை நாள் பொறுக்கவேண்டும். முகாமுக்கு முதல் நாள் பால் சங்கத்திலும் ரேஷன் கடையிலும் இதையே ஒட்டுங்கள். கால்நடை மருத்துவர் பேசும் இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒன்று போட்டால் இன்னும் நல்லது, வாட்ஸ்அப்புக்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் சொல்லலாம்.

அப்புறம், உணவைப் பற்றி எங்களுக்கும் நிஜமான கவலை இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது. 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அதில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு அளவுக்கு மேல் இருந்த மாநிலங்களில் எண்ணிக்கைப்படி தமிழ்நாடு முதலிடம், 551 மாதிரிகளில் 88. பூஞ்சை பிடித்த புண்ணாக்கிலிருந்தும், மழையில் நனைந்து மக்கிப்போன தீவனத்திலிருந்தும் வருவது இது, காய்ச்சினாலும் போகாது. இதைப் பற்றி ஒரு குரல் பதிவும் எங்களுக்கு வந்ததில்லை! அதே மாதிரி மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் ஒதுக்கவேண்டும் என்று பலருக்கும் தெரியாது, தெரிந்தவர்களிலும் சிலர் ஊற்றிவிடுகிறார்கள், அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆகவே எங்கள் வட்டாரத்தில் கடைத் தீவனத்தையும் பாலையும் எடுத்துச் சோதித்து, முடிவு நல்லதோ கெட்டதோ, கிராம சபையில் படித்துக் காட்டவேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் அரசு கோமாரிக்கும் தோல் கழலைக்கும் எம்ஆர்என்ஏ ஊசி உருவாக்க 2022-லேயே பணம் ஒதுக்கியது. நாளைக்கு இங்கேயும் வரலாம், வந்தால் நல்லதாகக்கூட இருக்கலாம். ஆனால் எங்கள் மாட்டுக்குப் போடுகிற அன்றைக்கு வாட்ஸ்அப்பில் தெரிந்துகொள்கிற நிலைமை வேண்டாம். எந்தச் சோதனையில் தேறியது, பாலில் கறியில் பார்த்தார்களா என்பதை முன்னாலேயே எங்களைக் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டு, எங்கள் கேள்விகளுக்கும் பதில் தந்துவிட்டுப் போடுங்கள்.

சீட்டு அச்சடிக்கச் செலவு இடிக்கிறது என்றால் மாதிரி ஒன்று தந்தால் போதும், நகல் எடுக்கும் செலவைப் பால் சங்கத்தில் பேசிப் பார்க்கிறோம். அடுத்த சுற்று கோமாரி முகாமுக்கு முன்பாகப் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கையெழுத்திட்டுள்ள மாடு, ஆடு வளர்ப்போர்