கையால் செய்து கற்கும் அறிவியல்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஆசிரியர்களும் பெற்றோர்களுமான உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன, விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டும். மழலையர் வகுப்புகளில் கண்காட்சிக்காக மாதிரி செய்யும் வழக்கத்தை விட்டுவிட்டு, குழந்தைகள் கேட்கும் கேள்வியையே எடுத்து, சில வாரங்கள் தொடரும் செயல்திட்டமாக நடத்துவது என்று முடிவெடுத்தோம். எரிமலை மாதிரியைப் பெற்றோர் இரவெல்லாம் உட்கார்ந்து செய்கிறார்கள். குழந்தை நாலு வரி ஒப்பிக்கிறது. அதில் குழந்தை கண்டுபிடித்தது எதுவும் இல்லை.

முதலில் எடுத்துக்கொண்டது மிதப்பதும் மூழ்குவதும். அகலமான தொட்டியில் தண்ணீர். பக்கத்தில் சாவி, கூழாங்கல், இலை, பெரிய மரக்கட்டை, மூடிய காலி பாட்டில். போடுவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையும் தன் ஊகத்தைப் படமாக வரைந்துவிட வேண்டும், அவ்வளவுதான் விதி. "கனமானது மூழ்கும்" என்றுதான் பெரும்பாலும் சொன்னார்கள். ஆசிரியர்கள் திருத்தவில்லை. கனமான கட்டை மிதந்து, சின்னச் சாவி மூழ்கியதும் வகுப்பில் பெரிய வாக்குவாதம். அப்புறம் தண்ணீரில் கரையாத களிமண்ணைக் கொடுத்தோம். உருண்டையாகப் போட்டால் மூழ்கியது. அதே களிமண்ணைக் கிண்ணமாக்கி வைத்தால் மிதந்தது. கிண்ண வடிவம் அதிக நீரை விலக்குகிறது, விலகிய நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளுகிறது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு, இந்த விதியைக் கண்டறிந்த ஆர்க்கிமிடிஸின் பெயரை இப்போதே சொல்லியாக வேண்டியதில்லை. "கிண்ணத்தை இன்னும் அகலமாகச் செய்தால் எத்தனை கல் தாங்கும்?" என்று அந்தக் குழந்தை கேட்கிறதே, அதுதான் நமக்கு வேண்டியது.

அடுத்து விதை. கண்ணாடிக் குடுவையின் உட்சுவரை ஒட்டி ஈரத்தாளும் அவரை விதையும் வைத்தால், முதலில் வேர் வெளிவருவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு குடுவையை இருட்டு அலமாரியில் வைத்தோம். அது முளைக்காது என்று குழந்தைகள் உறுதியாக நம்பினார்கள். முளைத்தது மட்டுமல்ல, வெளிச்சத்தில் இருந்ததைவிட நெடுநெடுவென்று வளர்ந்து, ஆனால் வெளிறிப்போய் நின்றது. முளைக்க ஈரமும் காற்றும் தகுந்த வெப்பமும் போதும், பச்சையாக வளரத்தான் வெளிச்சம் வேண்டும் என்பதை இரண்டு குடுவைகளையும் பக்கத்தில் வைத்து அவர்களே பேசித் தெளிந்தார்கள். "குடுவையைச் சாய்த்தால் வேருக்கு வழி தெரியுமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். சாய்த்தோம். வேர் வளைந்து மறுபடியும் கீழே திரும்பியது. இந்த ஆண்டு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான்.

எழுத்தும் எண்ணும் பின்தங்கிவிடாதா என்று சில பெற்றோர் கவலைப்பட்டார்கள். நியாயமான கவலை. செடியின் உயரத்துக்குத் தினமும் ஒரு காகிதப் பட்டை வெட்டி வரிசையாக ஒட்டச் சொன்னோம். சில நாளில் அது தானாகவே பட்டை வரைபடம் ஆகிவிட்டது. நேற்றைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, கீழே தேதியையும் அவர்களே எழுதினார்கள்.

இது புதுச் சோதனை அல்ல என்பதையும் பயிற்சி வகுப்பில் பேசினோம். கல்வியாளர் ஃப்ரோபெல் 1837இல் ஜெர்மனியில் தொடங்கிய குழந்தைப் பள்ளியிலேயே மரக்கட்டைகளும் தோட்ட வேலையும் பாடமாக இருந்தன. செயல்திட்ட முறை பற்றி அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918இல் எழுதினார். மழலையர் கல்வி அறிஞர்களான லிலியன் காட்ஸும் சில்வியா சார்டும் அதை மழலையர் வகுப்புக்கு ஏற்றபடி மூன்று கட்டமாக வகுத்தார்கள்: தெரிந்ததைப் பேசிக் கேள்விகளைத் திரட்டுவது, நேரில் ஆராய்வது, கண்டதைப் பிறருக்குக் காட்டுவது. நடுக்கட்டத்தை அவசரப்படுத்தக் கூடாது என்பது என் கருத்து.

பாதுகாப்பில் மட்டும் சமரசம் இல்லை. சில சென்டிமீட்டர் தண்ணீரிலும் சிறு குழந்தை மூழ்கக்கூடும். ஆகவே தொட்டியருகே எப்போதும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சின்னக் காந்தங்களுக்கு அனுமதி இல்லை. இரண்டை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும். விதைகளை எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்க வேண்டும்; மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது.

வரும் ஆண்டில் நிழலை எடுத்துக்கொள்ளலாம் என்று குழு பரிந்துரைக்கிறது. காலை, நண்பகல், மாலை எனக் குழந்தையை ஒரே இடத்தில் நிற்கவைத்துச் சாக்பீஸால் நிழலைக் கோடிட்டால் போதும், செலவே இல்லை. கூடவே, குழந்தைகள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவைக்க ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். இவ்விரண்டுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.

தொட்டி தூக்கிய, தரை துடைத்த உதவியாளர்களுக்கும், வேலைக்கு நடுவே வந்து குழந்தைகளோடு உட்கார்ந்த பெற்றோருக்கும் சங்கத்தின் நன்றி. வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்