அந்த ஒரு ராத்திரியை வீணாக்காதே

கிருஷ்ணகிரி,
புரட்டாசி 10

அன்புள்ள மாதையனுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. மகளுக்கு ஐப்பசி கடைசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததுமே மல்லிகா காட்டிநாயனப்பள்ளி முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். சுகப்பிரசவமாகட்டும். மூன்று மாசம் மெல்போர்னில் பேரப்பிள்ளையோடு இருந்துவிட்டுத் தையில் திரும்புகிறீர்கள் என்பது எங்களுக்கும் சந்தோஷம்.

உன் கடிதத்தில் பாதிக்குமேல் திரும்பிவரும் டிக்கெட்டைப் பற்றிய கவலைதான். ராத்திரி பத்தரைக்குக் கொழும்பில் இறங்கி மறுநாள் பகல் பன்னிரண்டரைக்குத்தான் பெங்களூர் விமானம் என்றால் அத்தனை நேரம் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். கூடப் பணம் கட்டி வேறு விமானத்துக்கு மாற்றிவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. ஏர்போர்ட்டிலேயே நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம் என்கிறாள் தங்கச்சி ராஜம்மா. இரண்டும் வேண்டாம் மாதையா. போன மாசியில் நாங்கள் அதே வழியாகத்தான் வந்தோம். எங்கள் மொத்தப் பயணத்திலும் மல்லிகா இன்றைக்கும் எடுத்துப் பேசுவது அந்த ஒரு காலைப்பொழுதைத்தான். நீங்களும் வெளியே போய்த் தங்குங்கள். ஆனால் கொழும்புக்குப் போகாதீர்கள், நீர்கொழும்புக்குப் போங்கள்.

காரணம் சொல்கிறேன். பெயர்தான் கொழும்பு விமான நிலையம், அது இருப்பது கட்டுநாயக்காவில். கொழும்பு நகரம் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். 2013-ல் திறந்த விரைவுச்சாலை இருக்கிறது, ராத்திரியில் சீக்கிரமாகவே போய்விடலாம். ஆனால் நள்ளிரவில் போய் எதைப் பார்ப்பது? காலையில் எழுந்து காலி முகத்திடலில் ஒரு நடை நடப்பதற்குள் ஆபீஸ் போகிற கூட்டம் ரோட்டுக்கு வந்துவிடும். அதற்கப்புறம் உன் கண் கடலில் இருக்காது, கைக்கடிகாரத்தில்தான் இருக்கும். நீர்கொழும்பு அப்படியில்லை. கட்டுநாயக்காவுக்கு வடக்கே பக்கத்து ஊர் அது, கடற்கரை வரைக்கும் போனாலும் அரைமணி நேரம்தான். நடுராத்திரியில் வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிட்டுப் பழகிய ஊர். ஒரு ராத்திரிக்குள் பெரிய நகரத்தைப் பார்த்துவிட முடியாது. சின்ன ஊரின் ஒரு விடிகாலையை முழுசாகப் பார்த்துவிடலாம்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். மெல்போர்னுக்கும் இலங்கைக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். தை மாசத்தில் அங்கே கோடைக்காலம், கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்திருப்பார்கள், அதனால் ஐந்தரை. நீ இறங்கும் பத்தரை மணி உன் உடம்புக்கு விடியற்காலை நாலு. அறைக்குப் போனதும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாய். அதே உடம்பு நீர்கொழும்பில் நாலரைக்கெல்லாம் விழித்துக்கொள்ளும், ஏனென்றால் மெல்போர்னில் அப்போது காலை பத்து. வீட்டில் என்றால் இருட்டில் புரண்டுகொண்டு கிடப்போம். அங்கே அந்த நேரத்தில்தான் மீன் படகுகள் கரைக்கு வருகின்றன. இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றுதான், கடிகாரத்தையும் ஒரேயடியாக நம்மூருக்கு மாற்றிவிடலாம்.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் கிளம்பும் முன்பே செய்ய வேண்டும். இலங்கைக்குள் நுழைய ஈடிஏ என்ற மின்னணு அனுமதி இருக்கிறது, இரண்டு நாளுக்குள் கடந்து போகிறவர்களுக்கு அதிலேயே தனி வகை உண்டு. விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள். அதனால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் ஈடிஏ டாட் ஜிஓவி டாட் எல்கே என்ற அரசாங்கத் தளத்திலேயே மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தரகர்களின் தளங்கள், அவற்றில் பணம் கட்டிவிடாதீர்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டிகளைப் பெங்களூர் வரைக்கும் போட்டுவிடச் சொல்லி மெல்போர்ன் கவுண்டரிலேயே கேட்டுக்கொள். டேக்கில் பெங்களூர் என்று இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு நகரு. கைப்பையில் ஒரு மாற்றுத்துணி, துண்டு, உன் பிரஷர் மாத்திரை, ராஜம்மாவின் முட்டி வலித் தைலம் இருந்தால் போதும். தைலம் மட்டும் 100 மில்லிக்கு உட்பட்ட பாட்டிலாக இருக்கட்டும். இரவு நேரத்தில் கார் அனுப்பிக் கூட்டிக்கொண்டுபோய்க் காலையில் திரும்பக் கொண்டுவிடுகிற விடுதியாகப் பார்த்து மகளைப் பதிவு செய்யச் சொல். சில விமானக் கம்பெனிகள் இப்படி ராத்திரி தங்க வேண்டியவர்களுக்கு அவர்களே அறை கொடுப்பதும் உண்டு. டிக்கெட் போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும், வருகைக் கூடத்திலேயே கொஞ்சம் மாற்றிக்கொண்டால் டீக்கும் ஆட்டோவுக்கும் ஆகும்.

இனி அந்தக் காலையைச் சொல்கிறேன்.

ஐந்தரைக்கு விடுதிக்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். மீன் ஏலம் விடும் இடத்தை அங்கே லெல்லம என்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் அந்த ஒரு சொல் போதும். நமக்கு மீன் என்றால் கே.ஆர்.பி. அணை மீனும் ஒகேனக்கல் வறுவலும்தானே? அங்கே ஓர் ஆள் நீளத்துக்குச் சூரை மீன்கள் ஈரத் தரையில் வரிசையாகக் கிடந்தன. பாரை, சீலா, திருக்கை, கூடை கூடையாக நெத்திலி. விலை கேட்கிறவர்கள் யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையசைக்கிறார், வியாபாரம் முடிந்துபோகிறது.

அதைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனால் கருவாட்டுக் களம். மணல் முழுக்கத் தென்னை நார்ப் பாய்களை விரித்திருக்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் மீன்தான். மல்லிகா ஒரு பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்தவள் அரைமணி நேரம் எழுந்திருக்கவேயில்லை. அந்த அம்மா மீனின் முதுகோரம் கத்தியை வைத்து வால்வரைக்கும் ஒரே கீறலில் இறக்குவார். கட்டைவிரலால் குடலை வழித்து எடுத்துவிட்டுக் கடல் தண்ணீரில் அலசி, உப்புப் பீப்பாயில் போடுவார். முதல் நாள் உப்பில் ஊறியதை எடுத்து உள்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி பாயில் விரிப்பார். அவர் கையில் பழைய வெட்டுக்காயத் தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன, உப்பு ஏறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. வேலையை நிறுத்தாமலே எங்களிடம் தமிழில் பேசினார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மகன் ஏன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்றெல்லாம் விசாரித்தார். நீர்கொழும்பு மீனவர்களில் தமிழும் சிங்களமும் இரண்டும் பேசுகிறவர்கள் உண்டு, பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், களமும் சந்தையும் ஓய்ந்து கிடக்கும். உன் டிக்கெட்டில் அந்த மறுநாள் என்ன கிழமை என்று முதலில் பார். தை மாசம் அங்கே மழை குறைந்து வெயில் காய்கிற காலம், களம் நிறைந்திருக்கும்.

திரும்பும் வழியில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் வாசல் நிற்கிறது. வளைவின் மேல் 1678 என்று பொறித்திருக்கிறது. உள்ளே இப்போது சிறைச்சாலை, வெளியிலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். இந்தக் கரையோரத்தில் விளையும் லவங்கப்பட்டைக்காகத்தான் முதலில் போர்த்துகீசியரும் பிறகு டச்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். பக்கத்திலேயே கால்வாய், இரண்டு கரையிலும் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. முத்துமாரியம்மன் கோயிலும் ஊருக்குள் இருக்கிறது. ராஜம்மா கண்டிப்பாகப் போகவேண்டும் என்பாள். அதிகாலையில் நடை திறந்திருக்கும்போதே போய்விடுங்கள்.

டிபன் விடுதியிலேயே கொடுத்தார்கள். இடியாப்பம், பருப்புக் கறி, தேங்காய்ச் சம்பல், மஞ்சள் நிறத்தில் சொதி. நாம் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் என்று பழகியவர்கள். அந்தச் சம்பலோடு சாப்பிட்டுப் பார்த்தபிறகு எங்கள் வீட்டில் பழக்கமே மாறிவிட்டது. ஒன்று மட்டும் ராஜம்மாவிடம் சொல்லிவை: சம்பலில் மாசிக் கருவாட்டைத் தூளாக்கிப் போடுவார்கள். அவளுக்கு விரத நாளாக இருந்தால் மாசி போடாமல் அரைக்கச் சொல்ல வேண்டும், கேட்டால் மனமுவந்து செய்து தருகிறார்கள். பால் விடாத டீயை அங்கே பிளேன்டீ என்பார்கள். இஞ்சி தட்டிப் போட்டு வாங்கிக் குடி.

ஏர்போர்ட்டுக்குத் திரும்பும்போது கட்டுவாப்பிட்டியவில் இருக்கும் புனித செபஸ்தியார் தேவாலயத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசையில் குண்டு வெடித்தது அங்கேதான். அந்த ஒரு கோயிலில் மட்டும் நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள், அதில் எத்தனையோ குழந்தைகள். ரத்தம் தெறித்த இயேசு சிலையைத் துடைக்காமல் அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். இறந்தவர்களின் பெயர்களைப் படிக்கப் படிக்க ஒரே வீட்டுப் பெயர் அடுத்தடுத்து வருகிறது. சுற்றிப் பார்க்கப் போகிறவன் அங்கே எதற்கு என்று உனக்குத் தோன்றலாம். கருவாட்டுக் களத்தில் நம்மிடம் பேசிய அந்த அம்மா மாதிரி எத்தனையோ பேருக்கு அந்தப் பெயர்களில் சொந்தம் இருக்கும். அவர்கள் ஊரில் படுத்துத் தூங்கி, அவர்கள் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அந்த வாசலைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. மல்லிகா ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். உங்களுக்கும் பத்து நிமிஷம் இருந்தால் போய் வாருங்கள்.

ஒன்பதரைக்கெல்லாம் ஏர்போர்ட்டுக்குள் வந்துவிட்டோம். மூன்று மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும், அதில் மட்டும் கை வைக்காதே. இன்னும் ஒரு கடை, இன்னும் ஒரு தெரு என்று இழுக்கத்தான் செய்யும். பௌர்ணமி நாள் அங்கே போயா என்று அரசு விடுமுறை, அன்றைக்குப் பல கடைகள் மூடியிருக்கும். தேதி பார்க்கும்போது அதையும் சேர்த்துப் பார்.

போகும்போது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜம்மா மகளுக்குப் பிரசவ லேகியம், பத்தியப் பொடி, ஊறுகாய் என்று கட்டுவாள். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது கொடுக்கும் படிவத்தில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று கட்டாயம் குறிக்க வேண்டும். குறித்துவிட்டால் பிரித்துப் பார்த்துவிட்டு விடுவார்கள், ஆகாததை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் பெரிய அபராதம். விதை, பச்சைப் பழம், காய் எதுவும் வேண்டாம். ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், அது வருகிறவரைக்கும் நமக்குத் தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூர் ஏர்போர்ட்தான். தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் வந்து எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினால் ஏர்போர்ட்டுக்கு வாயு வஜ்ரா பஸ் இருக்கிறது. ஆனால் பெட்டிகளோடு ராஜம்மாவை இரண்டு பஸ் மாற்ற வைக்காதே, கார் வைத்துக்கொள். முதல் நாளே இங்கே வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டுக் கிளம்பினால் இன்னும் நல்லது.

இங்கே வேறு விசேஷம் ஒன்றுமில்லை. தோப்பில் பழைய பெங்களூரா மாமரங்கள் இரண்டைக் கவாத்து செய்தேன். பெரியவன் தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

டிக்கெட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. கிழமையையும் போயாவையும் நானே பார்த்துச் சொல்கிறேன். நாங்கள் தங்கிய விடுதியின் நம்பர் மல்லிகாவின் போனில் இருக்கிறது, அதையும் அனுப்பிவைக்கிறேன். மாப்பிள்ளை டிக்கெட்டை மாற்றுவதற்கு முன்னால் பேசிவிடு.

அன்புடன்,
கோவிந்தன்