'லைன்' என்றால் வெறும் கோடுதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் மாணவர் பகுதியில் வாரம் பத்து ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் போடுகிறீர்கள். நல்ல காரியம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்களே, அங்கேதான் சிக்கல். போன வாரம் 'லைன்' என்றால் 'கோடு' என்று போட்டு முடித்துவிட்டீர்கள். அதைப் பார்த்துவிட்டுத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி, 'ஹோல்ட் த லைன்' என்பதற்கு 'கோட்டைப் பிடியுங்கள்' என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். தொலைபேசியில் 'கொஞ்சம் இருங்க, வச்சிடாதீங்க' என்று சொல்கிற வார்த்தை, ராஜா படையெடுத்துப் போகிற கதையாகிவிட்டது. பிள்ளையை என்ன சொல்வது, பேப்பரில் இருந்ததைத்தானே எழுதினாள்.

மலேசிய ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தச் சொல் புதுசா என்ன? நாம் குடியிருந்த லயம் இதே 'லைன்ஸ்'தான். பட்டாளத்துக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய குடியிருப்பை வெள்ளைக்காரன் அப்படித்தான் அழைத்தான், டில்லியில் சிவில் அதிகாரிகள் குடியிருந்த வட்டாரத்துக்கு இன்றைக்கும் 'சிவில் லைன்ஸ்' என்றுதான் பெயர், அதே பெயரைத் தோட்டத்திலும் பால் மரம் வெட்டியவர்களின் வீடுகளுக்கு வைத்தான், நம் ஆட்கள் வாயில் அது லயம் ஆனது. பாட்டில் வரும் லயத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒரே கூரை, வீட்டுக்கு வீடு ஒரு பலகைச் சுவர், மூன்றாவது வீட்டில் கருவாடு பொரித்தால் நம் வீட்டில் சோறு இறங்கும். இதைக் 'கோடு' என்று சொல்லி எந்தப் பிள்ளைக்குப் புரியவைப்பது?

இன்றைய பேச்சுக்கு வாருங்கள். செம்பனைக் காட்டுக்குள் போய்க் கைப்பேசி எடுக்காவிட்டால் 'லைன் இல்ல' என்கிறோம். பினாங்கில் சோறும் கறிவகைகளும் விற்கிற ஒரு நாசி கண்டார் கடைக்குப் பெயரே 'லைன் கிளியர்'. அது பழைய ரயில் பாஷை. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் பாதை காலி என்று சொன்ன பிறகுதான் இந்த ஸ்டேஷனிலிருந்து வண்டியை விடுவார்கள். துணி காயப் போடும் கயிறும் லைன், தூண்டில் நரம்பும் லைன், நாடகத்தில் பேசுகிற வசனமும் லைன், செய்கிற தொழிலும் லைன். இளவட்டங்கள் 'அடிக்கிற' லைனைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, இது மாணவர் பகுதி சம்பந்தப்பட்ட கடிதம்.

இத்தனைக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் 'லினும்' என்றால் ஆளிச்செடி, அதன் நாரில் திரித்த நூல் 'லினியா'. லினன் துணியும் அந்தக் குடும்பம்தான். கொத்தனார் நூல் பிடித்துத்தானே சுவர் எழுப்புகிறார்? அந்த நூலைப் பிள்ளையிடம் முதலில் கொடுத்துவிட்டால் கயிறு, கோடு, வரிசை வீடு, தண்டவாளம், தொலைபேசிக் கம்பி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதுவே பிடித்துக்கொள்ளும். கோட்டில் தொடங்கினால் கோட்டிலேயே நிற்கும்.

உங்கள் தொழிலில் புழங்கும் 'டெட்லைன்' இன்னும் பயங்கரம். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1864இல், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் மதிலுக்கு உள்ளே தாழ்வாக ஒரு கட்டைத் தடுப்பு போட்டிருந்தார்கள், அதைத் தாண்டுகிற கைதியைக் காவலாளி சுடலாம். அதற்குப் பெயர்தான் டெட்லைன். பத்திரிகைக்காரர்கள் பிற்பாடு அதைக் கெடு என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு கதையோடு சொன்னால் எந்தப் பிள்ளை மறக்கும்?

ஒரு சொல் பல பொருள் என்பது தமிழனுக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. செய்யுளில் எழுதிய பழைய அகராதியான சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியே அதற்கென்று ஒதுக்கியதுதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வையே 2021இல் எடுத்துவிட்டார்கள், நாம் மட்டும் இன்னும் மனப்பாடப் பட்டியலை விடமாட்டேன் என்கிறோம். வாரம் பத்து வேண்டாம் ஐயா, இரண்டே சொல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வாக்கியம், கிளினிக்கிலும் பஸ் நிலையத்திலும் கடையிலும் பிள்ளைகள் காதில் விழுகிற வாக்கியமாக இருக்கட்டும்.

அடுத்த வாரம் 'செட்' வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல் அதுதான், 430. பிறகு 'ரன்' என்ற வினைச்சொல் 645 பொருளோடு அதை முந்திவிட்டது, அது வேறு விஷயம். தயவுசெய்து 'தொகுப்பு' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். இங்கே பசியாறப் போகிற கடையில் 'செட் ஏ', 'செட் பி' என்று பலகையே தொங்குகிறது, அதிலிருந்தாவது ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்),
சுங்கை சிப்புட், பேராக்