ஜோபர்க்கா, டர்பன் கடலோரமா? குடும்பத்தோடு தென்னாப்பிரிக்கா வருகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு வேலை பற்றி உங்கள் நாளிதழில் வருவதை இங்கிருந்தபடியே இணையத்தில் படித்துவிடுவேன். தென்னாப்பிரிக்கா என்று வந்தால் அநேகமாக ஜோகன்னஸ்பர்க் (இங்கே சுருக்கமாக ஜோபர்க் என்பார்கள்) பற்றித்தான் இருக்கிறது. ஊரிலிருந்து எனக்கு போன் போடுகிறவர்கள் கேட்பதும் அதையொட்டித்தான். "அக்கா, கம்பெனி ரெண்டு இடத்திலயும் இருக்கு, ஜோபர்க்ல வீடு பாக்கவா, இல்ல டர்பன் பக்கம் கடலோரமா அமைதியா ஒரு இடம் பாக்கவா?" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட உங்கள் பத்திரிகை வழியாக ஒருமுறை எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கணவர் வேலைக்காக வந்து முதலில் ஜோகன்னஸ்பர்கின் வடபகுதியில் இருந்தோம், பிறகு டர்பனுக்கு வடக்கே டோங்காட் வந்து தங்கிவிட்டோம். இரண்டையும் வாழ்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த முடிவை எடுக்கும்போது எல்லோரும் சம்பளத்தையும் கடற்கரை போட்டோவையும் பார்க்கிறார்கள், பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போகிறவர் யார், அவருக்கு அந்த ஊரில் பேச யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. வேலை ஒருவருக்கு, ஊர் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ஜோகன்னஸ்பர்க் மோசமான ஊர் என்று சொல்ல வரவில்லை. வேலை என்று பார்த்தால் இந்த நாட்டில் அதற்கு ஈடு கிடையாது. பெரிய வங்கிகளின் தலைமை அலுவலகங்கள், பங்குச் சந்தை, ஐடி கம்பெனிகள் எல்லாம் சாண்டன், ரோஸ்பேங்க், மிட்ராண்ட் என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு வேலை போனால் இன்னொன்று கிடைக்க வாய்ப்பு அதிகம், விசா வேலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது என்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. டர்பனில் துறைமுகம் இருக்கிறது, தெற்கே ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலை இருக்கிறது, வடக்கே கடலோரத்தில் உம்லாங்காவில் அலுவலகங்கள் வளர்ந்து வருகின்றன, ஆனால் ஐடிக்காரருக்கு ஒரு வேலை போனால் இன்னொன்று அங்கே அவ்வளவு சுலபமாக அமையாது. அதனால் கல்யாணம் ஆகாத பையன்களும் பெண்களும், கணவன் மனைவி இருவருக்குமே வேலை அனுமதி இருக்கிறவர்களும் தயங்காமல் ஜோபர்க் போங்கள். 2010 முதல் ஓடுகிற கௌட்ரெயின் இருக்கிறது, விமான நிலையத்திலிருந்து சாண்டன் வரை, பிரிட்டோரியா வரை ரயிலிலேயே போகலாம். இந்தியக் கடைகள் நிறைந்த ஃபோர்ட்ஸ்பர்க் பகுதிக்குப் போனால் மளிகை, மசாலா, துணிமணி எதற்கும் குறையில்லை. மெல்ரோஸில் பழைய முருகன் கோயில் இருக்கிறது, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததும், சத்தியாகிரகத்தில் சிறை சென்று வந்து 1914இல் பதினாறு வயதில் நோயில் இறந்ததும் அந்த ஊரில்தான். தமிழர்களுக்கு அது அந்நிய மண் இல்லை.

ஆனால் அங்கே வீட்டில் இருப்பவரின் பகல் எப்படி இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கணவனோடு கூட வருகிற மனைவிக்கு வேலை செய்யும் அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. காலையில் ட்ராஃபிக்குக்குப் பயந்து அவர் சீக்கிரமே கிளம்பிவிடுவார், பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள், அப்புறம் நான்கு பக்கமும் உயர்ந்த சுவர், மேலே மின்வேலி, வாசலில் காவலாளி, உள்ளே நீங்கள். பக்கத்து வீட்டுக்காரர் காருக்குள்ளிருந்து கையசைப்பார், நல்ல மனிதராகத்தான் இருப்பார், ஆனால் அவரும் கேட்டைத் தாண்டிப் போய்விடுவார். ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்க வேண்டுமென்றாலும் கார் வேண்டும். ஜூன், ஜூலையில் குளிர் வேறு. அந்த ஊர் ஏற்காட்டை விட உயரத்தில் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர். பகலில் நல்ல வெயில் அடிக்கும், பொழுது சாய்ந்தால் எலும்பு வரை குளிரும். பெரும்பாலான வீடுகளில் சூடேற்றும் ஏற்பாடு கிடையாது, கேஸ் ஹீட்டரை அறைக்கு அறை உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். காற்றில் ஈரமே இருக்காது, உதடும் குதிகாலும் வெடித்து ரத்தம் வரும்.

சரி, அப்படியானால் கடலோரம்தான் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டுத் தரகர்கள் காட்டுவது டர்பனுக்கு வடக்கே கடலோரம் இருக்கிற பாலிட்டோ, உம்லாங்கா, அங்கே புதிதாக எழும்பியிருக்கிற எஸ்டேட்டுகள், அதாவது சுற்றுச்சுவர் கட்டிய குடியிருப்புகள். பார்க்க மிக அழகாக இருக்கும், பால்கனியில் நின்றால் கடல் தெரியும், குளிர்காலத்தில் கூட சட்டையோடு வெளியே உட்காரலாம். ஆனால் வாடகை ஜோபர்க்கை விடக் குறைவாக இருக்கும் என்று எண்ணி வராதீர்கள், அது நடக்காது. சுவரும் மின்வேலியும் காவலாளியும் அங்கேயும் அப்படியே இருக்கின்றன. விடுமுறை மாதங்களில் ஜோபர்க்கிலிருந்தே கூட்டம் வந்து நிறைந்துவிடும், மற்ற மாதங்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். அமைதி என்பார்கள். கையில் குழந்தையோடு, தெரிந்த முகம் ஒன்று கூட இல்லாமல் இருக்கிற பெண்ணுக்கு அந்த அமைதி பெரிய பாரம்.

புதிதாக வருகிறவர்கள் கண்ணில் படாமல் போகிற ஊர்கள் வேறு இருக்கின்றன. கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, கரும்புத் தோட்டங்களை ஒட்டி, வடக்கே வெருலம், டோங்காட், ஸ்டேங்கர், தெற்கே இசிபிங்கோ, உம்சின்டோ. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் 342 பேர் டர்பனில் வந்து இறங்கினார்கள், அவர்களும் பின்னால் வந்தவர்களும் பெரும்பாலும் கரும்புத் தோட்டத்துக்குத்தான் போனார்கள், ஒப்பந்தம் முடிந்த பின் பலர் பக்கத்திலேயே காய்கறி பயிரிட்டுக் கோயில் கட்டிக் குடியேறினார்கள். பிறகு இன ஒதுக்கல் சட்டம் வந்து எத்தனையோ குடும்பங்களைப் பிடுங்கி சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் என்று புது இடங்களில் நட்டது, கடலில் குளிக்கக் கூட இந்தியருக்கு என்று தனி இடம் ஒதுக்கியது. டோங்காட்டிலிருந்து சிறிது நேரத்தில் போகிற லா மெர்சி அப்படி ஒதுக்கிய கடற்கரைதான். இன்றும் அங்கே ஞாயிற்றுக்கிழமை வயதான ஆண்கள் நீளத் தூண்டிலோடு ஷாட் மீனுக்கு நிற்பதைப் பார்க்கலாம், அக்டோபர், நவம்பரில் மட்டும் அதைப் பிடிக்கத் தடை.

இந்த ஊர்களில் தெருவில் மனிதர்கள் நடக்கிறார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. வீட்டுக்கு வீடு கறிவேப்பிலை மரம், பல வீடுகளில் முருங்கை. சந்தையில் சேப்பங்கிழங்கை மடும்பி என்று குவித்து வைத்திருப்பார்கள், விற்கிற ஆயா நான் தமிழில் விலை கேட்டதும் கையிலிருந்த தராசை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார், அவர் அம்மா பேசிய தமிழை அவ்வளவு நாள் கழித்துக் கேட்கிறாராம். அவருக்குப் பதில் பேச வரவில்லை, "நல்லா இருக்கியா" மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இங்கே பிறந்த தமிழர்களில் பெரும்பாலோர் பேசுவது ஆங்கிலம்தான், அதை எதிர்பார்த்தே வாருங்கள். ஆனால் அவர்களைப் பார்த்து, தமிழே தெரியாதவர்கள் என்று நம் ஆட்கள் சிலர் ஒதுங்கிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது. ஆடி மாதம் வந்தால் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், காலை இருட்டிலேயே பெரிய பானையை முற்றத்தில் அடுப்பேற்றி, வேப்பிலை கட்டி, தெருவில் யார் வந்தாலும் கொடுக்கிறார்கள். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் பாடுகிறார்கள். புனித வெள்ளியன்று இசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோமிலும் மாரியம்மன் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும், கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் அப்போது லீவு கிடைத்ததால் தொடங்கிய வழக்கம், இன்னும் விடவில்லை. இந்த நாட்டின் 1996 அரசியலமைப்புச் சட்டத்தின் ஆறாவது பிரிவில், போற்றி மதிக்க வேண்டிய மொழிகளில் தமிழின் பெயரும் இருக்கிறது. அது அங்கே இடம்பெற்றதற்குக் காரணம் இவர்கள்தான், நேற்று விமானத்தில் வந்த நாம் இல்லை.

எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எதிர்வீட்டு அம்மா பருப்புக் குழம்போடு வந்து நிற்பார். பிள்ளைகளுக்கு இங்கே ஆண்ட்டி, அங்கிள், ஆயா, தாத்தா எல்லாம் கிடைத்துவிட்டார்கள். ஜோபர்க்கில் நல்ல நண்பர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் அவர்களைப் பார்க்க முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டியிருந்தது.

இனி கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் பிறகு என்னைத்தான் திட்டுவீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கிற இந்த குவாசுலு-நடால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துச் செல்லப்பட்டு, பல மாதம் குழாயில் தண்ணீர் வரவில்லை, லாரி வரும் நேரம் பார்த்து வாளியோடு நிற்பதே வேலையாகப் போனது. கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து கடலில் கலந்ததால் டர்பன் கடற்கரைகளை அடிக்கடி மூடினார்கள். 2024 ஜூனில் சுழற்காற்று வந்து டோங்காட்டில் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. அதற்கு முன் 2021 ஜூலைக் கலவரம், கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டு, ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசை, தெருவுக்குத் தெரு ஆண்கள் இரவெல்லாம் காவல். நாடு முழுவதும் 350 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள், பீனிக்ஸில் நடந்த கொலைகள் இந்தியர், கறுப்பினத்தவர் இரு சமூகத்துக்கும் இன்னும் ஆறாத புண். குற்றங்கள் இங்கேயும் உண்டு, ராத்திரி நடமாட்டம் என்ற பேச்சே வேண்டாம். ஜோபர்க்கிலும் குழாயில் தண்ணீர் நின்றுபோகிறது, அங்கேயும் திருடன் இருக்கிறான், ஆனால் இங்கே எதுவும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சின்னத் தொல்லைகளும் உண்டு. உப்புக் காற்றில் ஜன்னல் கொண்டி, கேட் மோட்டார், காரின் அடிப்பாகம் எல்லாம் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் அலமாரிக்குள் பட்டுப்புடவை பூசணம் பூக்கும், மாதம் ஒருமுறை எடுத்து வெயில் காட்டுங்கள். அறுவடைக்கு முன் கரும்புத் தோகையைக் கொளுத்துவார்கள், கொடியில் காய்கிற வெள்ளைச் சட்டையில் விரல் நீளக் கரும்சாம்பல் இழை வந்து ஒட்டும், கையால் தட்டினால் கோடு விழுந்துவிடும், ஊதித்தான் எடுக்க வேண்டும். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு வாழைப்பழச் சீப்போடு போய்விடும்.

வேலைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை, தேவைப்படும்போது கணவர் ஜோபர்க் போய்வருகிறார். கிங் ஷாகா விமான நிலையம் 2010இல் லா மெர்சியில் திறந்ததிலிருந்து வடகடற்கரைக்காரர்களுக்கு இது பெரிய வசதி, விமானம் ஏறினால் ஒரு மணி நேரம்தான், ஊருக்கு வரவும் துபாய் வழியாக இங்கிருந்தே விமானம் இருக்கிறது. காரில் என்றால் என்3 சாலையில் 570 கிலோமீட்டர் அளவில், முழுக்க லாரிகள். 2024 செப்டம்பரில் அந்தச் சாலையில் இருக்கிற வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி வண்டிகள் எல்லாம் இரவு முழுக்க நின்றுவிட்டன. வாரா வாரம் அலுவலகத்தில் முகம் காட்ட வேண்டிய வேலை என்றால் இந்த ஏற்பாடு நிலைக்காது, குடும்பம் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் என்று ஆகிவிடும். அவர்கள் ஜோபர்க்கிலேயே இருப்பது நல்லது, ஆனால் வீடு பார்க்கும்போது மனைவியையும் கூட்டிப்போய், கோயிலுக்கோ கடைக்கோ அவர் தானே போய்வரக்கூடிய இடமாகப் பாருங்கள்.

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு வேலை பற்றி எழுதும்போது, கூட வருகிற மனைவி, வயதான பெற்றோர், பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதையும் எழுதுங்கள், ஜோபர்க், கேப்டவுன் தவிர இந்தப் பழைய ஊர்களைப் பற்றியும் எழுதுங்கள். வருகிறவர்களுக்கு: எந்த ஊரானாலும் முதலில் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு இருந்து பாருங்கள், கம்பெனி தருகிற தரகர் டோங்காட், வெருலம் பக்கம் காட்டவில்லை என்றால் நீங்களே கேட்டுப் போங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் குழாயைத் திறந்து பாருங்கள், வீட்டுப் பின்புறம் ஜோஜோ தொட்டி (தண்ணீர் சேமிக்கிற பிளாஸ்டிக் தொட்டி) இருக்கிறதா என்று பாருங்கள், மழை பெய்தால் தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்கள் உங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பதில் சொல்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
டோங்காட், தென்னாப்பிரிக்கா