ஒரே சோதனை, பல சந்தைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கோவை வெட் கிரைண்டர் கடல் கடந்து போவதைப் பெருமையாகப் பேசும் நாம், அதற்கு வழி திறக்கும் தரவிதிகளைக் கவனிப்பதில்லை. 1906இல் லண்டனில் உருவாகி இன்று ஜெனீவாவிலிருந்து இயங்கும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த ஐ.இ.சி. 60335 என்ற தரமே, வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்புக்குப் பல நாடுகளில் அடிப்படை. விரல்போல் மடங்கும் சோதனைக் கருவியை இடுக்குகளில் நுழைத்து, மின்சாரம் பாயும் பாகத்தை அது தொடுகிறதா என்று பார்ப்பார்கள்; எர்த் இணைப்பின் மின்தடை 0.1 ஓமைத் தாண்டக் கூடாது. ஈரக்கையோடு மாவு வழிக்கும் சாதனத்துக்கு இந்தக் கண்டிப்பு மிகையே அல்ல.

ஓர் உறுப்பு நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் செய்த சோதனையை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்பதற்கான சி.பி. திட்டத்தில் 50க்கும் மேற்பட்ட நாடுகள் இருப்பதால், ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியே முழுச் சோதனை செய்யும் செலவு மிச்சமாகிறது. சிங்கப்பூரின் தட்டை முனைப் பிளக், அமெரிக்காவின் 120 வோல்ட் போன்ற உள்நாட்டு வேறுபாடுகளுக்கு மட்டும் கூடுதல் சோதனை தேவைப்படும்.

ஆனால் பத்து கிரைண்டர் அனுப்புபவருக்கும் பத்தாயிரம் அனுப்புபவருக்கும் சோதனைக் கட்டணம் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், சிறு பட்டறைக்காரர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். இதற்காகத் தரத்தைத் தளர்த்தக் கூடாது. கட்டணத்தில் ஒரு பங்கை அரசு ஏற்பதும், தொழிற்பேட்டைகளிலேயே முன்சோதனை வசதி அமைப்பதும் உடனே செய்யக்கூடியவை.

இப்படிக்கு,
வாசகர், கோவை